கயிற்றுக்கடை வாசலில் ஒரு சுவர்

போன வாரம் கட்டடக் கம்பெனி மேலாளரான நீலச்சட்டைக்காரரின் அறையிலிருந்து எழுந்து வந்தாரே கயிற்றுக்கடை அண்ணன், அன்றிலிருந்து அவர் தொலைபேசியைச் சட்டைப் பையில் போடுவதே இல்லை. கையிலேயே வைத்திருக்கிறார். குளிக்கப் போனால்கூட அது குளியலறை வாசலில் ஒரு ஸ்டூல் மேல் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருக்கும்.

ஏரிக்கரைக் கடைவரிசையை இடித்துவிட்டுக் கம்பெனி கட்டப்போகும் வளாகத்தைப் பற்றி இப்போது ஊரே பேசுகிறது. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள், ஓரத்தில் ஓர் ஓட்டல், தண்ணீரை ஒட்டி நடைபாதை. ஊரும் பெருத்துக்கொண்டேதான் போகிறது. காலையில் ஏரியில் படகு எடுப்பவர்களைவிட ஏரியைச் சுற்றி ஓடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வரிசைக் கடைக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. கடைசிக் கடையான கயிற்றுக்கடை மட்டும்தான் பாக்கி.

அண்ணனுக்கு விற்க மனமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வரிசை முழுவதும் காலியான பிறகு ஒற்றைக் கடையை வைத்துக்கொண்டு யாருக்குக் கயிறு விற்பது? ஆனால் விற்க ஆசைப்படுகிறவன் அதை முகத்தில் காட்டிவிட்டால் அப்புறம் என்ன வியாபாரி? அவர் பிறந்த வீட்டில் பிள்ளைகளை நடக்கப் பழக்கியதே பேரத்தின் நடுவில் எழுந்து போவதற்காகத்தான்.

நீலச்சட்டை விலை சொன்னார். நல்ல விலை. அண்ணன் உள்ளுக்குள் துள்ளினார். வெளியே உதட்டைப் பிதுக்கினார். நமக்குள் ஒத்துவராது போலிருக்கிறது என்று எழுந்தார். கதவருகே நின்று சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். லிஃப்ட் முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அந்த லிஃப்டாவது கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம். பொத்தானை அழுத்தியதும் வந்துவிட்டது.

யாரும் கூப்பிடவில்லை.

இது வீட்டில் யாருக்கும் தெரியாது. தூண்டில் போட்டாகிவிட்டது, இழுத்தால் வந்துவிடும் என்றுதான் அண்ணியிடம் சொல்லிவைத்திருந்தார்.

இன்று பிற்பகல் நகர மன்றத்தில் கூட்டம். வளாகத்துக்கு அனுமதி தருவதா இல்லையா என்று முடிவாகும் நாள்.

"இன்னிக்கும் கூப்பிடலைன்னா?" என்று அண்ணி கேட்டாள். கடையின் உள்பக்கம் படகுக்கு அடிக்கும் வண்ண டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துக்கு முன்னாடி கூப்பிட்டே ஆகணும். கடைசி நிமிஷத்துலதான் இறங்கி வருவானுங்க. இவனை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"நீங்க பார்த்தவங்க எல்லாம் கயிறு வாங்க வந்தவங்க."

அண்ணன் நைலான் கயிற்றை அளந்து இழுத்தார். நைலானைக் கத்தியால் வெட்டினால் நுனி பிரிந்து தென்னந்துடைப்பம் மாதிரி ஆகிவிடும். மின்சாரத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அறுக்க வேண்டும். அறுபட்ட இடம் உருகித் தானே ஒட்டிக்கொள்ளும். அந்த வாசனை கடையிலும், மேலே அவர்கள் குடியிருக்கும் அறைகளிலும், அண்ணியின் தலையணையிலும்கூட இருக்கும்.

*

அண்ணனின் தங்கைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. வீட்டுக்கு இன்னும் பாப்பாதான்.

அவள் வேலை பார்ப்பது அதே கம்பெனியின் விற்பனை அலுவலகத்தில். கண்ணாடி அறை, நடு நாயகமாக அட்டையில் செய்த வளாகத்தின் சிறு மாதிரி. வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி, விளக்குகளைப் போட்டு, இதுதான் உங்கள் பால்கனி, மாலையில் இங்கே உட்கார்ந்தால் சூரியன் தண்ணீருக்குள் இறங்குவது தெரியும் என்பாள். நகத்தளவு பால்கனியைக் காட்டிக் கணவன் மனைவி இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் தலையாட்ட வைப்பது லேசான காரியமில்லை. அவளும் அந்த வீட்டுப் பிள்ளைதானே.

காலையில் முதல் வேலை, மாதிரியின் மேல் படிந்த தூசியைச் சின்னப் பிரஷ்ஷால் தட்டுவது. பஞ்சு மரங்கள், முகமில்லாத குட்டி மனிதர்கள், நீலக் கண்ணாடியில் செய்த ஏரி. இன்று பிரஷ் வரிசையின் கோடிக்கு வந்ததும் நின்றுவிட்டது.

நேற்றுவரை கயிற்றுக்கடையின் இடத்தில் ஒரு காபிக் கடை இருந்தது. குடைகூட விரித்திருந்தார்கள். இப்போது அது இல்லை. அந்த இடத்துக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் உயரமாக ஒரு சுவர் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் லாரிகள் அடித்தளத்துக்கு இறங்குகிற சரிவு. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அட்டை அங்கே முடிந்துவிட்டது.

அவள் பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே நீலச்சட்டையின் அறைக்குப் போனாள்.

"சார், எங்க கடை எங்கே?"

அவர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். எழுந்து நின்றே பதில் சொன்னார். "உங்க அண்ணன்தான் வேண்டாம்னு போயிட்டாரேம்மா."

"அவர் வேண்டாம்னு சொல்லலையே. எழுந்து போனார், அவ்வளவுதானே?"

"எழுந்து போனா என்ன அர்த்தம்?"

"கூப்பிடணும்னு அர்த்தம் சார்."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். யாரையும் வற்புறுத்துவது தங்கள் கம்பெனியின் வழக்கமில்லை என்றார். அண்ணன் கிளம்பிய அன்றே வரைபடக்காரர்களிடம் சொல்லிவிட்டாராம்: கடைசி இடம் கிடைக்காது, அது இல்லாமல் போடுங்கள். ஒரு பெரியவரின் விருப்பத்தை மதித்த திருப்தி அவர் பேச்சில் தெரிந்தது. கடைகளுக்கு முன்னால் இருக்கும் பாதை வரிசையில் மற்ற கடைக்காரர்களின் பட்டாவில் சேர்ந்தது. மற்றவர்கள் விற்றபோது அதுவும் கம்பெனிக்கு வந்துவிட்டது. அந்தப் பாதையில்தான் சுவர்.

"பின்னாடி சந்து இருக்கே. சைக்கிள் போகுமில்ல? அதுவும் வழிதானே," என்றார். பிறகு குரலைத் தணித்து, கூட்டத்தில் மாதிரியை விளக்கப்போவது அவள்தான் என்பதை நினைவூட்டினார். சுற்றியிருப்பவர்கள் யாருக்காவது வழி அடைபடுமா என்று மன்றத் தலைவி கேட்பார், எல்லாக் கட்டடத்துக்கும் கேட்கும் கேள்விதான், இல்லை என்று சொல்லிவிட்டால் போதும்.

*

பாப்பா கடைக்குள் வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. சாப்பாட்டு நேரம் என்று சொல்லிவிட்டு ஏரிக்கரை முழுதும் ஓடி வந்திருந்தாள். முதலில் அண்ணியிடம்தான் சொன்னாள். கேட்கக் கேட்க அண்ணியின் கை வண்ண டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே மூடியிருந்த மூடி.

அண்ணன் உள்ளே வந்து, முழுவதையும் கேட்டுவிட்டு, சிரித்தார்.

"சுவரைக் காட்டுறானா? பரவாயில்லையே, பையனுக்கு வியாபாரம் தெரியுது. விலையைக் குறைக்கப் பயமுறுத்துறான்."

"அண்ணா, அது பேரம் இல்லை."

"எல்லாம் பேரம்தான் பாப்பா."

"பேரம்னா நமக்குத்தானே காட்டணும்?" என்றாள் அண்ணி. "நமக்கு ஒரு வார்த்தை சொல்லலை. நேரா ஊருக்குக் காட்டப் போறாங்க. நீங்க எழுந்து வந்தப்ப, உங்களை யாராவது கூப்பிட்டாங்களா?"

அவர் கையிலிருந்த தொலைபேசியைத் திருப்பிப் பார்த்தார்.

"கூப்பிட்டாங்களாங்க?"

"லிஃப்ட் சீக்கிரம் வந்துடுச்சு," என்றார் அண்ணன்.

அண்ணி அப்படியே கயிற்று உருளையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் கடை அதிரும் என்று வரிசைக்கே தெரியும். இப்போது மாடிப்படியைத்தான் பார்த்தாள். மேலே படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். இனி கையை நீட்டினால் சுவர் தட்டும். படகுக்காரர்கள் சந்துக்குள் நுழைந்து, லாரிப் புகையைத் தாண்டி, ஒரு முழக் கயிறு வாங்க வருவார்களா? இந்த இடத்தை விற்கவும் முடியாது, வைத்துக்கொண்டு பிழைக்கவும் முடியாது.

அதற்குள் கடைக்குள் புகை. பாதியில் விட்ட சூட்டுக் கம்பி கயிற்றைத் தாண்டிப் பலகையில் இறங்கியிருந்தது. அண்ணன் போய் அதை அணைத்தார். பிறகு சட்டையை மாற்றாமல், தலையை வாராமல், தெருவில் இறங்கி நடந்தார்.

*

தன் வாழ்நாளில் அண்ணன் செய்யாத ஒன்றை இன்று செய்தார். உட்கார்வதற்கு முன்பே, "சம்மதம்," என்றார்.

நீலச்சட்டை அவருக்குத் தேநீர் வரவழைத்தார்.

"அன்னிக்கு நீங்க சொன்ன விலைக்கே சம்மதம் சார். அன்னிக்கே சம்மதம்தான். நான்தான்..." அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாருக்கும் அதை விளக்கவேண்டிய தேவை வந்ததில்லை.

நீலச்சட்டை கேட்டுக்கொண்டிருந்தார். வரைபடம் முடிந்துவிட்டது, அஸ்திவாரக் கணக்கு மாறிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். வருத்தம் வேண்டாம் என்றும் சொன்னார். சொல்லப்போனால் அந்த இடம் இல்லாமல் லாரிச் சரிவு இன்னும் வசதியாகவே அமைந்துவிட்டதாம்.

அண்ணன் விலையைக் கொஞ்சம் இறக்கினார். எதிரில் இருந்தவர் வாய் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினார். நீலச்சட்டை சங்கடத்தோடு பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். அண்ணன் பாதிக்கு வந்தார். பாதியிலும் பாதிக்கு வந்தார். எதிராளி ஒரு வார்த்தை பேசாமலே, தனக்கு எதிராகத் தானே பேரம் பேசித் தோற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியதெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு எண். எவ்வளவு கேவலமான எண்ணாக இருந்தாலும் சரி. எண் வந்துவிட்டால் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார். மௌனத்தை எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவது?

"சார்," என்றார் நீலச்சட்டை கடைசியில். "நீங்க சும்மா கொடுத்தாலும் எங்களுக்கு இப்ப அது தேவையில்லை. தயவுசெஞ்சு தப்பா நினைக்காதீங்க."

அண்ணன் எழுந்தார். இந்த முறை சட்டைக் கையை இழுத்துவிடவில்லை, கண்ணாடியைத் துடைக்கவில்லை. லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படிகளில் இறங்கினார்.

*

மன்றக் கூடத்தில் முன்வரிசை முழுதும் கடைக்காரர்கள். விசேஷ வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். சலூன்காரர்தான் எல்லாருக்கும் இடம் பிடித்துவைத்திருந்தார். அவரை வரிசையில் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்குப் பள்ளிக்கூடக் கூட்டாளி. தன் சுழல் நாற்காலிகளைப் போன வாரமே விற்றுவிட்டு, மகள் இருக்கும் ஊருக்கே போய்க் குடியேற எல்லாம் மூட்டை கட்டிவிட்டார்.

"மாப்ளே, இங்க வா," என்று பக்கத்து இருக்கையைத் தட்டினார். அண்ணன் போய் உட்கார்ந்தார். அண்ணி பின்வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

பாப்பா மேடையில் மாதிரியின் விளக்குகளைப் போட்டாள். கூட்டத்தில் ஒரு வியப்பொலி எழுந்தது, அவ்வளவு அழகு. கடைகள், அலுவலகங்கள், வீடுகள், நடைபாதை என்று தினமும் சொல்வதைச் சொன்னாள். குரல் தடுமாறவில்லை. பால்கனியையும் சூரியனையும்கூட விடவில்லை. கத்திரி முதலில் கை தட்ட, முன்வரிசை முழுதும் தட்டியது.

தலைவி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு அந்தக் கேள்விக்கு வந்தார். "சுத்தி இருக்கிறவங்க யாருக்காவது இதனால வழி அடைபடுமா?"

நீலச்சட்டை அவளைப் பார்த்துத் தலையசைத்தார். கனிவாகத்தான்.

பாப்பாவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் வேலை இருக்கும். இன்று காலைக்குப் பிறகு அந்த வீட்டில் மாதம் தவறாமல் வரப்போவது அவள் சம்பளம் ஒன்றுதான். முன்வரிசையில் அண்ணனைத் தேடினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. முகமில்லாத குட்டி மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வாடிக்கையாளர் முன்னாலும் தளராத அந்தத் தோள்கள் சட்டைக்குள் எங்கேயோ காணாமல் போயிருந்தன.

"அடைபடும்," என்றாள் பாப்பா. "எங்க கடைக்கு."

தலைவிக்கு அது சரியாக விளங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். பாதையில் சுவர் வருவதை, லாரிகள் இறங்குவதை, மேலே ஒரு குடும்பம் வசிப்பதை, எல்லாவற்றையும் பால்கனியை விவரித்த அதே குரலில் சொன்னாள். அப்படியானால் அந்தக் கடை மாதிரியில் ஏன் இல்லை என்று தலைவி கேட்டார்.

"மாதிரி அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுதும்மா."

கூடத்தில் யாரோ இருமினார்கள். மேடையில் இருந்தவர்கள் தலைகளைச் சேர்த்துப் பேசிக்கொண்டார்கள். இடத்தை நேரில் பார்க்காமல் அனுமதி தர முடியாது, நாளை பகலில் தானே வருவதாகத் தலைவி அறிவித்தார். அண்ணன் மெல்ல நிமிர்ந்தார். பின்வரிசையில் அண்ணியின் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை.

அப்போதுதான் நீலச்சட்டை ஒலிபெருக்கியை வாங்கினார். மன்றத்தின் முடிவை மதிப்பதாகச் சொன்னார். அதோடு இன்னொன்றும், தகவலுக்காக மட்டும் என்று: தாமதமானால் கம்பெனி ஏரியின் அக்கரையில் பார்த்துவைத்திருக்கும் இடத்துக்குப் போய்விடும். அங்கே பாதைப் பிரச்சினை எதுவும் இல்லை.

முன்வரிசையில் சலவைச் சட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. மேடையைப் பார்க்க அல்ல, அண்ணனைப் பார்க்க.

*

கூடத்துப் படிகளுக்குக் கீழே அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தையற்கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெயில் ஏரிமேல் சாய்ந்து எல்லார் கண்ணையும் கூசவைத்தது.

பாப்பா வெளியே வரத் தாமதமாயிற்று. வந்தபோது கழுத்தில் கம்பெனியின் அடையாள அட்டை இல்லை.

கத்திரி அவளைக் கடந்து அண்ணனிடம் வந்தார்.

"நாற்காலியெல்லாம் வித்துட்டேன் மாப்ளே. வீட்டையும் காலி பண்றேன்னு சொல்லிட்டேன். அவனுங்க அக்கரைக்குப் போயிட்டா நான் எங்கடா போவேன்?"

"நான் போய்ப் பேசறேன்டா. அவன் காலுல வேணும்னாலும் விழறேன்."

"நான் பேசிட்டுத்தான் வரேன்." கத்திரி ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தாமதமாகிற செலவுல உன் கடையை ரெண்டு தடவை வாங்கலாமாம். அதனால வாங்கிக்கிறேங்கிறான். முதல்ல சொன்ன அதே விலை."

அண்ணன் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். "அப்புறம் என்னடா? இப்பவே போடறேன் கையெழுத்து."

"உன் கையெழுத்து மட்டும் போதாதாம்." கத்திரி இப்போதும் பாப்பாவின் பக்கம் பார்க்கவில்லை. "கம்பெனி மறைச்சுதுங்கிற பேரு நிக்கக் கூடாதாம். நாளைக்குத் தலைவி வரப்ப, இவ எல்லார் முன்னாடியும் சொல்லணும். சுவர் விஷயம் பொய், வேலையில ஏதோ மனஸ்தாபம், அதுல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்னு."

"அதுக்கப்புறம் இந்த ஊருல அவளுக்கு யாரு வேலை கொடுப்பா?" என்றாள் அண்ணி.

வரிசைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து நின்றார்கள். வாங்குவதா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுக்கும்வரை கடைக்குள் மற்றவர்கள் காத்து நிற்பார்களே, அப்படி.

பாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

தலை லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு கண் கொஞ்சம் இடுங்கியிருந்தது. அந்தப் பார்வையை அவள் சின்ன வயதிலிருந்து அறிவாள். எடை தூக்கிப் பார்க்க முடியாத சரக்கு கடைக்குள் வந்தால், இது என்ன பெறும் என்று அண்ணன் அதை அப்படித்தான் பார்ப்பார்.

"அப்படிப் பார்க்காதீங்க," என்றாள் அண்ணி.

அவர் பார்வையை எடுக்கவில்லை.